புதுப்பிப்பு: இன்ஜின் ரீபில்டு, லேத் பட்டறை பட்ஜெட் கடைசியில எப்படி வந்துச்சு

நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின கழட்டி வெச்சிருக்கேன், லேத் வேலைக்கு எப்படி பணம் ஒதுக்கணும்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, வேலை முடிஞ்சு வண்டி நல்லா ஓடுது. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

"மொதல்ல அளக்கச் சொல்லுங்க, அப்புறம் பார்ட்ஸ் வாங்குங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரு பாருங்க, அதுதான் கைகொடுத்துச்சு. பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கிற இன்ஜின் உடம்பு) கெமிக்கல் வாஷ் பண்ணி போர் கேஜ் (சிலிண்டர் உள்விட்டம் அளக்குற கருவி) விட்டுப் பாத்தா மேல ரிங் உரசுற எடத்துல தேய்மானம் ஜாஸ்தி, கீழ கம்மி, அதனால சிலிண்டர பெருசாக்கி 0.50 எம்எம் ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதாச்சு. புது பிஸ்டன கையில குடுத்தப்புறம்தான் போர் போட்டாங்க (சிலிண்டர கடைஞ்சு பெருசாக்குறது), ஒவ்வொன்னையும் மைக்ரோமீட்டர்ல அளந்து அந்தந்த சிலிண்டருக்கு கிளியரன்ஸ் (நடுவுல விடுற இடைவெளி) பாத்து ஹோனிங் (கல்லால உரசி கடைசி அளவுக்குக் கொண்டுவர்றது) பண்ணாங்க, இப்படித்தான் செய்யணும். கிராங்க் ஜர்னல் (கிராங்க்ஷாஃப்ட்ல பேரிங் உக்கார்ற எடம்) தேய்மானம் லிமிட்டுக்குள்ளயே இருந்துச்சு, கிரைண்டிங் வேண்டாம், வெறும் பாலிஷ், ஸ்டாண்டர்ட் பேரிங்.

எதிர்பாக்காதது ஹெட்டு (சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி வர்ற, வால்வ் இருக்கிற பாகம்). பட்ஜெட்ல ஃபேஸிங் (அடிப்பக்கத்த சமமா சீவுறது) மட்டும்தான் இருந்துச்சு, ஆனா பிரஷர் டெஸ்ட்ல (காத்தழுத்தம் குடுத்து கசிவு பாக்குறது) ரெண்டு வால்வ் சீட்டுக்கு நடுவுல பொடிப்பொடியா குமிழி வந்துச்சு, மயிரிழை விரிசல். வேற ஹெட் வாங்கி அதுக்கும் டெஸ்ட், சீட் கட்டிங், வால்வ் கைடு, வால்வ் சீல்னு போக கிராங்க்ல மிச்சமான பணம் எல்லாம் இங்கயே கரைஞ்சிருச்சு.

அதனால ஹெட்டுக்கு வேற எந்த வேலைக்கும் முன்னாடி பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, ஃபேஸிங் கூலி வீணாகாது. ரேட் கேக்கும்போது வாஷ், கோர் பிளக் (பிளாக்ல தண்ணி ஓடுற பாதையோட ஓட்டைய அடைக்கிற மூடி), பிஸ்டன் பின் (பிஸ்டன கனெக்டிங் ராடோட சேக்குற பின்) ஃபிட்டிங் எல்லாம் அதுலயே சேருமான்னும் கேட்டுக்கோங்க, எனக்கு அது தனி பில்லா வந்துச்சு.