லிஸ்பனின் பழைய செல்வம் எங்கே போயிற்று?

வினா:
வணக்கம். போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பிறகு மிளகாலும், பின்னர் பிரேசில் தங்கத்தாலும் கொழித்த நகரம் இன்று சுற்றுலாவை இவ்வளவு நம்பியிருப்பது வியப்பளிக்கிறது. 1755ஆம் ஆண்டு நிலநடுக்கமே இதற்குக் காரணம் என்பது சரியா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நிலநடுக்கத்தின் மீது முழுப் பழியையும் போட முடியாது. செல்வம் அதற்கு முன்பே கைமாறத் தொடங்கிவிட்டது. 1703ஆம் ஆண்டின் மெத்துவென் உடன்படிக்கைப்படி இங்கிலாந்தின் கம்பளித் துணி போர்ச்சுகலுக்குள் வந்தது. பதிலுக்குப் போர்ச்சுகலின் ஒயினுக்கு இங்கிலாந்தில் சுங்கவரி குறைந்தது. ஒயின் விற்ற பணம் துணி வாங்கப் போதாமல் ஆண்டுதோறும் விழுந்த துண்டைப் பிரேசில் தங்கமே அடைத்தது. லிஸ்பன் துறையில் இறங்கிய தங்கத்தில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. அரசருக்குரிய ஐந்தில் ஒரு பங்கோ மாஃப்ரா அரண்மனை போன்ற ஆடம்பரக் கட்டடங்களில் கரைந்தது. நெசவாலைகள் தோன்ற வேண்டிய காலத்தில் மாளிகைகள் எழுந்தன என்பதே என் வருத்தம்.

மறுமொழி 2:
முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் 1755 நவம்பர் 1ஆம் நாளின் அழிவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அன்று அனைத்துப் புனிதர் திருநாள் என்பதால் தேவாலயங்களில் ஏற்றியிருந்த மெழுகுவத்திகள் சரிந்து தீப்பற்ற, டேகஸ் ஆற்றின் வழியாக ஆழிப்பேரலையும் புகுந்தது. கீழை வணிகத்தை நடத்திய இந்திய மாளிகை தன் ஆவணங்களோடு அழிந்தது. பின்னர் அமைச்சர் பொம்பால் நகரின் நடுவே தாழ்வான இடமான பைஷா பகுதியை நேர்த் தெருக்களாகத் திரும்பக் கட்டினார். சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கூண்டுபோல் நிறுத்தி, அதன் மாதிரியைச் சுற்றிப் படைவீரர்களை நடைபோடச் செய்து, அதிர்வைத் தாங்குகிறதா என்று சோதித்தார்களாம். தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு எனத் தொழில்வாரியாக இட்ட பெயர்கள் இன்றும் உள்ளன. கடைகளில் பெரும்பாலானவை இப்போது பயணிகளுக்கானவை.

மறுமொழி 3:
இன்றைய நிலைக்கு விடையை அண்மைக் காலத்தில் தேடுங்கள். 2011இல் 7,800 கோடி யூரோ மீட்புக் கடன் பெற்ற நாட்டுக்கு, அந்நியப் பணம் விரைவாக வரும் வழியாகச் சுற்றுலாவும் வீட்டு விற்பனையும் தென்பட்டன. பல பத்தாண்டுகளாக உறைந்து கிடந்த பழைய வாடகைகளை 2012ஆம் ஆண்டுச் சட்டம் விடுவித்தது. அதே ஆண்டில், 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு வதிவிட உரிமை தரும் திட்டமும் வந்தது. வீடு வாங்கி உரிமை பெறும் அந்த வழி 2023இல் மூடப்பட்டது. நிலநடுக்கத்தில் பெரிதும் தப்பிய குன்றுப் பகுதியான அல்ஃபாமாவிலிருந்து பழைய குடிகளை வாடகை வெளியேற்றியது. அவர்கள் ஏறிச் சென்ற 28ஆம் எண் டிராமில் இன்று கேமராக்காரர்களே நெருக்கியடித்து நிற்கிறார்கள். 2016இல் ஓர் இரவுக்கு 1 யூரோவாக இருந்த சுற்றுலா வரியை நகராட்சி 2024இல் 4 யூரோவாக உயர்த்தியுள்ளது. அதனால் வாடகை இறங்கும் என்று நான் நம்பவில்லை.