1988 படகு, ஓவர்பிளேட் செய்தது: குடும்பத்தோடு குடியிருக்க வாங்கலாமா?

வால்தம்ஸ்டோ வாசி:
வணக்கம். லண்டன் வாடகை எங்களை நெருக்குகிறது. நான், மனைவி, ஐந்து வயது மகள் மூவரும் இருக்கும் இரண்டு அறை வீட்டை விட்டுவிட்டு, கால்வாய்களில் ஓடும் ஒடுங்கலான படகான நேரோபோட் ஒன்று வாங்கி அதிலேயே குடியேறலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பார்த்து வைத்திருக்கும் படகு 57 அடி நீளம், 1988-ல் கட்டியது. அடியில் ஓவர்பிளேட் செய்திருக்கிறார்கள், அதாவது தேய்ந்த பழைய இரும்பின் மேல் புதுத் தகடு வைத்து வெல்டிங். விற்பவர் 42,000 பவுண்ட் சொல்கிறார். போன வருஷம் நிபுணரை வைத்துப் படகைச் சோதித்து எடுத்த சர்வே அறிக்கை தன்னிடம் இருக்கிறது, மறுபடி எதற்கு வீண் செலவு என்கிறார்.

மூரிங், அதாவது படகைக் கட்டிவைக்க நிரந்தர இடம், எடுப்பதாக இல்லை. 14 நாளுக்கு ஒருமுறை இடம் மாறும் லைசன்ஸில் லீ நதி, ரீஜன்ட்ஸ் கால்வாய் என்று சுற்றிக்கொண்டிருப்பது திட்டம். எனக்கு வேலை லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம். படகு ஓட்டிப் பழக்கமே இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வரவுசெலவு:
வாங்காதீர்கள். வாடகை மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கவே வாங்காதீர்கள்.

படகுக்கு வீட்டுக்கடன் கிடையாது. தனிநபர் கடனோ மரைன் லோனோதான், வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு. வீட்டுக்கு அடியில் நிலம் இருக்கிறது. இங்கே இருப்பது துருப்பிடிக்கும் இரும்பு மட்டும். லைசன்ஸ் இந்த நீளத்துக்கு ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். மூரிங் இல்லாத படகுகளுக்கு 2024 ஏப்ரலிலிருந்து தனிக் கூடுதல் கட்டணம் வேறு. 5 சதவீதத்தில் தொடங்கியது, 2028-ல் 25 சதவீதம் ஆகும். கால்வாய்களை நடத்தும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்டுக்கு அரசு தரும் மானியம் 2027-க்குப் பிறகு குறைகிறது. அந்தப் பணத்தைப் படகுக்காரர்களிடம்தான் கேட்பார்கள்.

காப்பீடு, 4 வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடியில் கறுப்புத் தார் பூசும் பிளாக்கிங், டீசல், நிலக்கரி, கேஸ் சிலிண்டர் என்று செலவு தொடரும். ஓர் இன்ஜின் படுத்தால் மொத்த மிச்சமும் போய்விடும்.

நங்கூரம்:
வரவுசெலவு சொன்ன செலவுகள் எல்லாம் உண்மை. முடிவு மட்டும் தவறு. லைசன்ஸ், காப்பீடு, பிளாக்கிங்குக்கு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய பங்கு எல்லாவற்றையும் கூட்டினாலும், வால்தம்ஸ்டோவில் இரண்டு அறை வீட்டுக்கு இரண்டு மூன்று மாத வாடகைக்குள் அடங்கும். நிரந்தர மூரிங் இல்லாதவர்களுக்குக் கவுன்சில் டாக்ஸும், அதாவது உள்ளாட்சி வீட்டு வரியும், பொதுவாக வராது. இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் இன்னும் ஒரு மூன்று மாத வாடகையை எடுத்து வையுங்கள். அப்போதும் பாதி வருஷ வாடகை கையில் நிற்கும்.

57 அடி நல்ல தேர்வு. சிறிய லாக்குகள், அதாவது தண்ணீர் மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள், உள்ள வடக்குக் கால்வாய்களிலும் நுழையலாம், ஏறக்குறைய நாடு முழுக்கப் போகலாம். லீ நதியும் உங்கள் வேலைக்குப் பொருந்தும். ஹெர்ட்ஃபோர்டிலிருந்து லைம்ஹவுஸ் வரை வரும் அந்த வழியை ஒட்டியே ரயில் பாதை ஓடுகிறது. வேர், பிராக்ஸ்போர்ன், செஸண்ட், டாட்டன்ஹாம் ஹேல், எங்கே கட்டினாலும் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் உண்டு. நான் அப்படித்தான் வேலைக்குப் போகிறேன்.

வெல்டர் அண்ணை:
தம்பி, நான் நோர்தாம்ப்டன் பக்கம் படகு வெல்டிங் வேலை செய்யிறன். இவையள் ரெண்டு பேரும் காசைப் பற்றிக் கதைக்கினம். முதல்ல அடித்தட்டைப் பாருங்கோ.

இப்ப கட்டுற படகுகள் பெரும்பாலும் அடியில 10 மில்லிமீற்றர், பக்கத்தில 6, கபினுக்கு 4. 80களில கட்டின படகுகளில அடித்தட்டே 6 மில்லிமீற்றர்தான் கனக்க. அது தேய்ஞ்சு 4-க்குக் கீழ போனால் இன்சூரன்ஸ்காரர் முழுக் காப்பீடு தர யோசிப்பினம். அதாலதான் மேல தகடு வைக்கிறது. ஒழுங்காச் செய்தால் அது நல்ல வேலை, இன்னும் கன வருஷம் ஓடும். ஒழுங்காச் செய்யாட்டி என்ன நடக்கும் எண்டும் சொல்லுறன்.

புதுத் தகட்டின்ர ஓரம் நல்ல இரும்பில பிடிச்சிருக்க வேணும். மெலிஞ்ச இரும்பில வெல்ட் வைச்சால் அது பிறகு விடும். ஒரு சின்ன ஓட்டையால தண்ணி ரெண்டு தகட்டுக்கும் இடையில போனால் உள்ளுக்குள்ள துரு பிடிக்கும், வெளியில ஒண்டும் தெரியாது. பாரத்தையும் யோசியுங்கோ. 57 அடிப் படகின்ர அடிக்கு மட்டும் 4 மில்லிமீற்றர் தகடு போட்டாலே ஒரு தொன்னுக்கு மேல வரும். படகு ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் தண்ணிக்குள்ள இறங்கும். பக்கங்களுக்கும் போட்டால் இன்னும் இறங்கும். படகு ஆடாமல் நிக்கப் பாரத்துக்கு உள்ளுக்கு வைச்ச பலாஸ்ற் கல்லை எடுத்து அதைச் சரிக்கட்டினவையோ? இல்லாட்டி பின்பக்கத்தில இருக்கிற வடிகால் ஓட்டையள் தண்ணி மட்டத்துக்குக் கிட்ட வந்திடும். சந்தியில பெரிய படகொண்டு அலையோட போனால் தண்ணி உள்ளுக்கு வரும்.

விக்கிறவர் தாற சர்வேயைக் கையில எடுக்க வேண்டாம். அது அவருக்கு எழுதிக் குடுத்தது. பிழை எண்டால் நீங்கள் அந்த சர்வேயரிட்டக் கேக்க ஏலாது. உங்கட காசில, படகைத் தண்ணியால வெளிய எடுத்து, தகட்டுத் தடிப்பை அல்ட்ராசவுண்டால அளவு எடுப்பியுங்கோ.

வரவுசெலவு:
அண்ணை சொன்னதோடு இன்னொன்று. காருக்கு இருப்பது போல் உரிமையாளர் பதிவுப் புத்தகம் இந்தப் படகுகளுக்குக் கிடையாது. கால்வாய் லைசன்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்பது உரிமைக்குச் சான்று ஆகாது. முந்தைய விற்பனைச் சீட்டுகள், ஓவர்பிளேட் செய்த பட்டறையின் ரசீது எல்லாம் கேளுங்கள். படகின் மேல் கடன் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். தரகர் மூலம் வாங்கினாலும் அவர் விற்பவரின் ஆள். நேற்று விளம்பரம் பார்த்தவர்கள் இன்று முன்பணம் கட்டும் அவசரத்தைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

நங்கூரம்:
இதில் மாற்றுக் கருத்து இல்லை. 'சர்வேக்கு உட்பட்டது' என்று எழுதித்தான் விலை பேச வேண்டும். பழுது கண்டுபிடித்தால் விலையைக் குறைக்கவோ, முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகவோ அது வழி விடும். சர்வேக்கும் தூக்குவதற்கும் ஆயிரம் பவுண்ட் வரை போனாலும் போகட்டும்.

கரையோர அம்மா:
நான் இரண்டு குழந்தைகளோடு படகில் இருக்கிறேன். படகை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மூரிங் இல்லாமல், பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு, லண்டனில் என்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நங்கூரம் தனி ஆள். அவருக்கு ரயில் நிலையம் இருந்தால் போதும். 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. இரண்டு பாலத்துக்கு நடுவே முன்னும் பின்னும் போய் வருவதும் எடுபடாது. ஆண்டு முழுக்க 20 மைலுக்கும் குறைந்த எல்லைக்குள்ளேயே சுற்றினால் லைசன்ஸ் புதுப்பிப்பதில் சிக்கல் வரும் என்று டிரஸ்டே சொல்கிறது. அப்படியானால் உங்கள் மகள் ஒரு மாதம் டாட்டன்ஹாமிலிருந்தும் இன்னொரு மாதம் ஹெர்ட்ஃபோர்டிலிருந்தும் பள்ளிக்குப் போக வேண்டும். காலையில் பள்ளியில் விட்டுவிட்டு நீங்கள் எத்தனை மணிக்கு அலுவலகம் சேர்வீர்கள்? பள்ளிச் சேர்க்கையில் தூரம் பார்ப்பார்கள், அதற்கு ஒரு முகவரி வேண்டும். ஹாக்னி, இஸ்லிங்டன் பக்கம் ஒரு படகை ஒட்டி இன்னொரு படகு கட்டியிருக்கும். மகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் அடுத்தவர் படகைத் தாண்டித்தான் கரை ஏற வேண்டும்.

இதெல்லாம் எனக்குக் கோபம் வரும் விஷயங்கள். வாடகை கொடுக்க முடியாத குடும்பங்கள் தண்ணீருக்கு வருகின்றன, இங்கே குழந்தைகளுக்கு ஏற்றபடி எதுவும் அமைக்கப்படவில்லை. ஆனாலும் கோபத்தை வைத்துப் பிள்ளையை வளர்க்க முடியாது.

நங்கூரம்:
அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் குடியிருப்பு மூரிங் லண்டனில் கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் அதற்கே வீட்டு வாடகையில் பாதி போய்விடும். மூரிங் கிடைக்கும் வரை காத்திரு என்றால் சாமானியக் குடும்பம் படகுக்கே வரக் கூடாது என்பதற்குச் சமம். நகர்ந்துகொண்டு பிள்ளை வளர்க்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். முன்னாளில் சரக்குப் படகுக் குடும்பங்கள் பின்னாலிருந்த ஒரு சின்ன அறையில்தான் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தார்கள்.

கரையோர அம்மா:
அந்தப் பிள்ளைகளில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் போனதும் அதனால்தான். அதை உதாரணமாகக் காட்டாதீர்கள்.

வரவுசெலவு:
குளிர்காலத்தையும் கரண்டையும் யாரும் பேசவில்லையே? வீட்டிலிருந்து லேப்டாப்பில் வேலை செய்யும் நாளும் இருக்கும் அல்லவா?

நங்கூரம்:
பேசுவோம். 440 ஆம்ப் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி இருக்கிறது என்று வையுங்கள். பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆக 220-தான் உங்களுடையது. 12 வோல்ட்டில் சுமார் 2.6 யூனிட். ஃபிரிட்ஜ், லேப்டாப், விளக்கு, தண்ணீர் பம்ப், இன்டர்நெட் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளுக்கு ஒன்றேகால், ஒன்றரை யூனிட் போகும். கோடையில் கூரைமேல் 400 வாட் சோலார் அதை ஈடுகட்டும். டிசம்பரில் கோடையில் வருவதில் கால் பங்குகூட வராது. அப்போது தினமும் இன்ஜினை ஓடவிட வேண்டும், அதுவும் பக்கத்தில் ஆள் இருந்தால் இரவு 8 முதல் காலை 8 வரை ஓடவிடக் கூடாது. வாங்கும்போதே லித்தியத்துக்கு மாற்றப் பணம் ஒதுக்குவது நல்லது, ஆனால் இன்ஜினில் கரண்ட் எடுக்கும் ஆல்டர்நேட்டர் சூடாகி எரிந்துவிடாதபடி இடையில் சார்ஜர் வைத்தே மாற்ற வேண்டும்.

சூட்டுக்கு நிலக்கரி அடுப்பு. கடும் குளிரில் 25 கிலோ மூட்டை ஒரு வாரம்கூட வராது. கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019-லிருந்து கட்டாயம். படுக்கும் இடத்திலும் ஒன்று வையுங்கள். கேஸ் வாங்கும்போது புரொப்பேன் வாங்குங்கள், பியூட்டேன் பனிக்காலத்தில் ஆவியாகாது.

கரையோர அம்மா:
நவம்பரிலிருந்து மார்ச் வரை லாக் பழுது பார்க்கக் கால்வாயை அங்கங்கே மூடுவார்கள். அந்த அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பினால் தண்ணீர் பிடிக்கும் குழாய்க்கும் கழிவறைப் பெட்டி கொட்டும் இடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். கோடையும் நிம்மதி இல்லை. 2025-ல் மழை பொய்த்து வடக்கே லீட்ஸ் லிவர்பூல் போன்ற கால்வாய்களில் நீண்ட தூரம் மூடிவிட்டார்கள்.

வெல்டர் அண்ணை:
புதுசா வாறவை படகைத் தாழ்க்கிறது துருவால இல்லை, ரெண்டு சின்னப் பிழையால. லாக்கில கீழ இறங்கேக்க மேல் கதவுப் பக்கம் தண்ணிக்குள்ள ஒரு கொங்கிறீற் படி இருக்கும், சில் எண்டு சொல்லுறது. வெள்ளைக் கோடு போட்டிருப்பினம். படகின்ர பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னுக்கு நிக்க வேணும். இல்லாட்டி தண்ணி இறங்க இறங்கப் பின்பக்கம் படியில தொங்கும், முன்பக்கம் தாழும். அப்பிடி வந்தால் கீழ் மடையை உடன மூடிப்போட்டு மேல் மடையைத் திறந்து தண்ணி ஏத்துங்கோ.

மற்றது வீட் ஹாட்ச். புரொப்பெல்லரில கயிறோ பிளாஸ்ரிக்கோ சுத்தினால் எடுக்கிறதுக்கு மேல இருக்கிற மூடி. சாவியைக் கழட்டி உங்கட பொக்கற்றில வைச்சிட்டுத்தான் கையை விட வேணும். திருப்பி மூடேக்க இறுக்காமல் விட்டால், கியர் போட்ட உடன புரொப்பெல்லர் தண்ணியை இன்ஜின் அறைக்குள்ள அடிக்கும். ஓவர்பிளேட்டால இறங்கின படகில அது இன்னும் கெதியா நடக்கும்.

வாங்க முதல் ஆர்.ஒய்.ஏ. எண்ட படகோட்டிகள் சங்கம் நடத்துற உள்நாட்டு நீர்வழிப் பயிற்சிக்குப் போங்கோ. ஒரு கிழமை படகு வாடகைக்கு எடுத்தும் பாருங்கோ. ஜூலையில எடுக்க வேண்டாம், மார்ச்சில எடுங்கோ.

வால்தம்ஸ்டோ வாசி:
எல்லோருக்கும் நன்றி. மனைவியும் நானும் முழுக்கப் படித்தோம். கரையோர அம்மா கேட்ட பள்ளிக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அதனால் மூரிங் தேடுகிறோம். லண்டனுக்குள் இல்லை, ஸ்டோர்ட் நதிப் பக்கம் குடியிருக்க அனுமதி உள்ள மரினா, அதாவது படகுகள் கட்டும் துறை, ஏதாவது இருக்கிறதா என்று. அது கிடைத்தால்தான் படகு. விற்பவரிடம் புது சர்வே கேட்டேன், தயங்குகிறார்.

வரவுசெலவு:
தயங்கினால் விலகிவிடுங்கள். மரினாவில் குடியிருப்பு அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும், 'எல்லோரும் இருக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை' என்ற வாய்வார்த்தை போதாது. அப்படி அனுமதி உள்ள இடத்தில் கவுன்சில் டாக்ஸும் வரலாம், கணக்கில் சேருங்கள். சேர்த்த பிறகும் கட்டுப்படியாகிறது என்றால் நான் தடுக்கவில்லை. இப்போதும் எனக்கு உடன்பாடில்லை, அது வேறு.

நங்கூரம்:
மரினாவுக்குப் போவதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் பள்ளி விடுமுறையில் அதே படகில் ஸ்டோர்ட் வழியே லீ நதிக்கு இறங்கி லைம்ஹவுஸ் வரை போய் வாருங்கள். மழைக்குப் பிறகு நதியில் வேகம் கூடும், எச்சரிக்கைப் பலகை பார்த்துக் கிளம்புங்கள். நங்கூரம் கட்டாயம் வேண்டும்.

வெல்டர் அண்ணை:
மரினா எண்டால் கரைக் கரண்ட் எடுப்பியள். அப்ப கல்வானிக் ஐசோலேற்றர் ஒண்டு பூட்டாமல் பிளக்கைக் குத்த வேண்டாம். ஏர்த் வயர் பக்கத்துப் படகுகளையும் உங்கட படகையும் ஒண்டாச் சேர்க்கும். உங்கட இரும்பு அவையின்ர அனோட்டா, அதாவது மற்ற இரும்பைக் காக்கத் தான் கரையிற உலோகத் துண்டா மாறி வருஷத்துக்குள்ள குழி விழும். உங்கட மக்னீசியம் அனோட்டையும் பிளாக்கிங்குக்குத் தூக்கேக்க பாருங்கோ, பாதி கரைஞ்சிருந்தால் மாத்துங்கோ. வேற படகு பார்த்தால் நீளம், கட்டின வருஷம், தகட்டுத் தடிப்பு மூண்டையும் இங்க போடுங்கோ, பார்த்துச் சொல்லுறன்.