வெடித்தபோது ஹீட்சிங்க் சில்லென்று இருந்தது

கருகியகேட்:
நானே கட்டிய இன்வெர்ட்டர்: 12 வோல்ட் பேட்டரி, இயக்கும் இஜிஎஸ்002 பலகை, மேல்வரிசை கீழ்வரிசையாக பிரிட்ஜில் எட்டு ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்), பின்னால் டிரான்ஸ்ஃபார்மர். எல்லோரும் கட்டுவதுதான். 60 வாட் குண்டு பல்பு அரை மணி நேரம் அசையாமல் எரிந்தது. மாஸ்ஃபெட்டின் சூட்டை வாங்கும் அலுமினிய ஹீட்சிங்கில் விரலை வைத்துக்கொண்டே டிரில்லிங் மெஷினின் விசையை அழுத்தினேன். படார்! கீழ்வரிசை நான்கும் பிளந்து, ஒன்றின் கறுப்புச் சில்லு என் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. விரலுக்கடியில் அலுமினியம் அப்போதும் சில்லென்றே இருந்தது. சூடேறாமலே எப்படிச் செத்தது? இரண்டு மாதமாக இதே நினைப்பு.

பழையசோல்டர்:
டெட் டைம் (மேல் சுவிட்ச் அணைந்து கீழ் சுவிட்ச் ஆன் ஆகும்வரை விடும் இடைவெளி) ஜம்பரை 300 நானோ செகண்டில் விட்டிருப்பீர்கள், வேறென்ன. மேலும் கீழும் ஒன்றாக ஆன் ஆகி பேட்டரியே ஷார்ட் ஆகியிருக்கும். என் கதை வேறு. 380 வோல்ட் டிசி பஸ் (உள்ளே டிசி மின்சாரம் ஓடும் தடம்) உள்ள இன்வெர்ட்டர், அணைத்துப் பத்து நிமிடம் ஆயிற்று. கெப்பாசிட்டரை வடிக்கும் ரெசிஸ்டரின் சோல்டர் விட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியாது. ஸ்க்ரூடிரைவர் கைதவறி விழுந்தது. நீல வெளிச்சம். எடுத்துப் பார்த்தால் முனையில் நகக்கண் அளவு இரும்பைக் காணவில்லை. இப்போதெல்லாம் முதலில் மீட்டர், பிறகுதான் கை.

கம்பிநீளம்:
டெட் டைம் இல்லை ஐயா. அது போதாவிட்டால் ஒவ்வொரு சுவிட்சிங்கிலும் மின்னோட்டம் குறுக்கே பாயும். பல்பு எரிந்த அரை மணியிலேயே ஹீட்சிங்க் கொதித்திருக்கும். அவர்தான் சில்லென்று இருந்தது என்கிறாரே, படித்தீர்களா? எனக்கும் இப்படி ஆறு போயின, அதை விடுங்கள். ஐஆர்எஃப்3205 தாங்குவது 55 வோல்ட். பத்து சென்டிமீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய 100 நானோ ஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்). அதில் ஓடும் 50 ஆம்பியரை 100 நானோ செகண்டில் வெட்டினால் 50 வோல்ட் எழும்பி, பேட்டரியின் 12-உடன் சேரும். கணக்கு முடிந்தது. பல்புக்கு இழுப்பது ஐந்தாறு ஆம்பியர், அதனால் பிழைத்தது. டிரில் கிளம்பும்போது இழுப்பதே வேறு. பிளஸ், மைனஸ் கம்பிகளை ஒட்டிக் கட்டுங்கள். குறைந்த இஎஸ்ஆர் (உள்தடை) கெப்பாசிட்டர்களை மாஸ்ஃபெட்டின் காலடியிலேயே வையுங்கள். கேட் (மாஸ்ஃபெட்டை ஆன், ஆஃப் செய்யும் கால்) ரெசிஸ்டர் 10 ஓம் என்றால் 22 போட்டுப் பாருங்கள். அணைவது மெதுவாகும், கொஞ்சம் சூடு கூடும், பரவாயில்லை. பேட்டரி முனையில் ஃபியூஸ் இருக்கிறதா? அதைச் சொல்லவே இல்லையே. ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பதானால் அந்த நீள கிரவுண்டு கிளிப்பைக் கழற்றிவிடுங்கள், அது தானாகவே ஒரு பொய் அலையைக் காட்டும்.

கருகியகேட்:
ஜம்பர் 1 மைக்ரோ செகண்டில்தான் இருக்கிறது. கம்பியை இப்போதுதான் அளந்தேன்: ஒரு பக்கம் மட்டும் 70 சென்டிமீட்டர். பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று கெப்பாசிட்டர்களை பேட்டரி முனையில் வரிசையாக வைத்திருக்கிறேன்.

பழையசோல்டர்:
பேட்டரி இருக்கும் இடத்தில் கெப்பாசிட்டர் எதற்கு?