மேசனின் 12 வீதத்தை யார் கட்டுவது?

ஏறாவூர் ஓடாவி:
இந்தியாவில் 2021 ஆகஸ்டில், நிரந்தர முதலாளி இல்லாத தொழிலாளரைப் பதிய, இ-ஷ்ரம் என்று ஓர் இணையத்தளம் திறந்தார்கள். மேசன், வீட்டு வேலைக்காரர், வயல் கூலி என்று தொழில் பிரித்துப் பதிந்ததில் 30 கோடிப் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். மட்டக்களப்பில் எத்தனை மேசன்மார் இருக்கிறார்கள், யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். நமக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும்.

கல்முனைக் கணக்கர்:
பதிந்து என்ன கிடைக்கும் தம்பி? அங்கே வருங்கால வைப்பு நிதிக்குப் பொதுவாக 20 பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். அதே மாதிரியான நம் இலங்கையின் 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் பிடிக்கும். நாட்கூலி, துண்டு வேலை எல்லாம் அடக்கம். சம்பளத்தில் முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்ட வேண்டும். சட்டத்தில் நாம்தான் மேல்.

ஏறாவூர் ஓடாவி:
சட்டம் கிடக்கட்டும் நானா. திங்கள் ஏறாவூரில் கூரை வேலை, வியாழன் வாழைச்சேனையில் கதவு, மறுகா இன்னொரு ஊர். அந்த 12 வீதத்தை வீட்டுக்காரர் கட்டுவாரா, கொந்தராத்துக்காரர் கட்டுவாரா? இருவரும் கட்டப்போவதில்லை.
இந்தியாவின் 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டியது. முதலாளியைத் தேடாமல் கட்டடத்தைப் பிடித்தது. கட்டுமானச் செலவில் 1 வீதம் வரியாக நலவாரியத்துக்குப் போகும். பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் இந்த வேலை செய்தவர் உறுப்பினராகலாம். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1994இல், வாரியம் வந்துவிட்டது.

கல்முனைக் கணக்கர்:
வாரியம் வந்தது சரி. பல மாநிலங்களில் அந்தக் காசு செலவழிக்காமல் குவிந்து கிடந்ததை 2018இல் அவர்களின் உச்ச நீதிமன்றமே கண்டித்ததே! இன்னொன்று, அந்த 1996 சட்டத்தில் 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீடு கணக்கில் இருக்கவில்லை. உங்கள் மேசன்மார் கட்டுவது பெரும்பாலும் சின்ன வீடுதானே?

சம்மாந்துறை வட்டை:
இருவருமே மேசனை விட்டு நகரவில்லை. எங்கள் வட்டையில் வெட்டு மெசின் வந்த பிறகு வெள்ளாமை வெட்டிய ஆட்கள் என்ன ஆனார்கள்? விதைப்புக்கு வயல், பிறகு ஓட்டோ, இடையில் கட்டாருக்கு இரண்டு வருடம். இவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

ஏறாவூர் ஓடாவி:
இ-ஷ்ரமில் முதன்மைத் தொழில், துணைத் தொழில் என இரண்டும் போடலாம். அது பெரிய சிக்கலில்லை.

கல்முனைக் கணக்கர்:
90 நாள் வேலை செய்தார் என்று யார் கையெழுத்து வைப்பது? விதானையாரா? அவருக்கு இருக்கிற வேலை போதாதா!

ஏறாவூர் ஓடாவி:
வீட்டுக்காரரும் வேலையை நடத்தும் மேசன் பாஸும் வைக்கட்டும். அந்த 1 வீதத்தைக் கட்டட வரைபட அனுமதியோடு பிரதேச சபை அறவிடலாம்.

சம்மாந்துறை வட்டை:
எங்கள் பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்டுபவர் அனுமதிக்குப் போவாரா? 1 வீதம் என்று தெரிந்தால் போகிறவரும் நின்றுவிடுவார். அதற்கு முதலில் வழி சொல்லுங்கள்.