நெஞ்சு படபடத்தால் அது காதல்தானா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பொள்ளாச்சிக்காரன்:

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது எனக்கு வால்பாறையில் கணக்கு எழுதும் வேலை. திங்கள் காலை பஸ் ஏறினால் வெள்ளி இரவுதான் வீடு. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. எதிரே வந்த லாரிக்கு டிரைவர் ஒதுங்கியதில் பின் சக்கரம் ஓரத்து மண்ணில் புதைந்து பஸ் சாய்ந்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் கீழே தரையே தெரியவில்லை, வெறும் மூட்டம். ஒவ்வொருவராக இறங்கச் சொன்னார் கண்டக்டர். எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண்ணும் அதே பஸ்ஸில் இருந்தார். அதுவரை "வணக்கம் சார்", "வாங்க மேடம்" என்பதற்கு மேல் பேசியதில்லை. படியில் கால் வழுக்கியது. கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கை நடுங்கியது, என் கையும்தான்.

மாற்று பஸ் வர இரண்டு மணி நேரம். ஒரே குடை. என் பையில் கிடந்த கடலை மிட்டாயை உடைத்துப் பாதி கொடுத்தேன். ஈரத்தில் அது கையில் ஒட்டிக்கொண்டதற்கு இருவரும் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அன்றிரவு தூக்கமே இல்லை. இவர்தான் என்று முடிவே செய்துவிட்டேன். திங்கட்கிழமை சொன்னேன். "எனக்கும் அப்படித்தாங்க இருக்குது" என்றார்.

மூன்று மாதம் பழகினோம். டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அவருக்குப் பிடித்தது எதுவும் எனக்கு ஒட்டவில்லை, எனக்குப் பிடித்தது அவருக்கு. கடைசியில் அவரே சொன்னார்: "நாம அந்த ரோட்டுல நின்ன ரெண்டு மணி நேரத்தப் பத்தி மட்டுந்தானுங்க பேசறோம்." சண்டை இல்லை, பிரிந்துவிட்டோம். ஆனால் ரொம்ப நாள் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவ்வளவு நிஜமாக இருந்தது எப்படிப் பொய்யாகும்?

பதில் ஒரு பழைய ஆய்வில் கிடைத்தது. கனடாவில் வடக்கு வான்கூவரில் கபிலானோ என்று ஒரு தொங்குபாலம். ஆற்றுக்கு மேல் சுமார் 230 அடி உயரம், கால் வைத்தால் ஆடும். டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரு உளவியலாளர்கள் அந்தப் பாலத்தின் மேல் வந்த ஆண்களிடம் ஒரு பெண்ணை அனுப்பிச் சில கேள்விகள் கேட்கவைத்தார்கள். பேசி முடித்ததும் அவர் ஒரு காகிதத் துண்டில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுப்பார். பக்கத்திலேயே தாழ்வான, ஆடாத மரப்பாலத்திலும் இதே ஏற்பாடு. தொங்குபாலத்தில் நம்பர் வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு போன் செய்தார்கள். மரப்பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். 1974-இல் வெளியானது இது. பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த நேரம் எதிரே ஒருவர் நின்றால், அடித்துக்கொள்வது அவரால்தான் என்று மனசு கணக்கு எழுதிவிடுகிறது. ஒரே ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்டக் கூடாதுதான். ஆனாலும் அதைப் படித்தபோது அந்த வளைவில் மறுபடி நின்றது போல இருந்தது. நடுக்கம் நிஜம். யாரால் வந்தது என்பதில்தான் நான் தப்பு பண்ணிவிட்டேன்.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

இரவுஷிப்ட்:

எனக்கு மலையும் இல்லை, மழையும் இல்லை, போன்தான். அவள் ஒரு நாள் விடியும்வரை பேசுவாள், அப்புறம் மூன்று நாள் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதிலே போடமாட்டாள். போன் அதிர்ந்தாலே வயிற்றைப் பிசையும். இவ்வளவு துடிக்கிறேனே, இதுதான் காதல் என்று ஒன்றரை வருஷம் இருந்தேன். புறாக்களை வைத்து ஸ்கின்னர் என்ற உளவியலாளர் செய்த சோதனைகளைப் பற்றிக் கல்லூரியில் படித்திருக்கிறேன். எத்தனை கொத்துக்கு ஒரு முறை தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தால் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். பரீட்சைக்கு எழுதினேன், என் கையில் இருந்த போனோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கும் என்ன கஷ்டமோ.

தையல்மெஷின்:

தம்பி, எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். திருப்பூரில் வீட்டிலேயே தைக்கிறேன். 2008-இல் கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நல்லவராகத் தெரிந்தார், சரி என்றேன். அவ்வளவுதான். மற்றவர்கள் சொல்லுகிற படபடப்பு எனக்கு வரவே இல்லை. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று பல வருஷம் உள்ளுக்குள் அழுதிருக்கிறேன். அவரிடம் சொன்னதில்லை.

ஒரு தீபாவளி சமயம், ஜாக்கெட் குவிந்து கிடந்தது. ராத்திரி ஒரு மணிக்கு மெஷின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் மறுநாள் தைக்க வேண்டிய ஒவ்வொரு துணிக்கும் பாபினில் நூல் சுற்றி அந்தந்தத் துணி மேலேயே வைத்திருந்தார். மயில் பச்சைக்கும் கிளிப் பச்சைக்கும் வித்தியாசம் பார்த்திருக்கிறார். மெஷினை ஓட்டினால் நான் எழுந்துவிடுவேன் என்று எல்லாவற்றையும் கையாலேயே சுற்றியிருக்கிறார். கையால் சுற்றினால் நூல் சமமாக விழாது, நடுவில் மேடு கட்டும். தைக்கும்போது இரண்டு முறை சிக்கியது. பிரித்துச் சுற்ற மனசு வரவில்லை, அப்படியே தைத்தேன்.

அன்றைக்கும் நெஞ்சு படபடக்கவில்லை. தொண்டைதான் அடைத்தது.

பொள்ளாச்சிக்காரன்:

அக்கா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். இரண்டு வாரம் முன்னால் ஒருவரைப் பார்த்தோம். நிதானமாகப் பேசினார், நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்ல இருந்தேன்.

இப்போதுதான் அவருக்குப் போன் பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டேன். வரச் சொல்லியிருக்கிறார்.