வக்கீல், சேர்மன், லாட்ஜ் மாஸ்டர்: மதராஸ் மாகாணத்து ஒருவரின் வாழ்க்கையை எதை வைத்து எழுதுவது?

ஊர்மலர்:
நகராட்சி மலர் ஒன்றுக்கு, 1905 முதல் 1938 வரை பொதுவாழ்வில் இருந்த ஒரு வக்கீலைப் பற்றி எட்டுப் பக்கக் கட்டுரை வேண்டும். கையில் இருப்பது ஓர் இரங்கல் குறிப்பும் ஒரு குழுப் படமும்தான். குறிப்பில் இருப்பது: ‘ராவ் பகதூர், ஹைகோர்ட் வக்கீல், பின்னர் அட்வகேட்டாக உயர்ந்தவர், இருமுறை முனிசிபல் சேர்மன், மேசானிக் லாட்ஜின் பி.எம்.’ எதை எங்கே சரிபார்ப்பது? ஃப்ரீமேசன் (சடங்குகளோடு கூடும் ஒரு சகோதரச் சங்கம்; அதன் கிளை ‘லாட்ஜ்’, கிளைத் தலைவர் ‘மாஸ்டர்’) சங்கதி ரகசியமாமே, அதைத் தொடாமல் விட்டுவிடலாமா?

கோர்ட்டுக்கட்டு:
‘அட்வகேட்டாக உயர்ந்தவர்’ என்பதை முதலில் அடித்துவிடுங்கள். 1926-ல் பார் கவுன்சில் சட்டம் வந்தது. அதை ஒட்டி ஹைகோர்ட் வக்கீல்கள் எல்லாருமே அட்வகேட் ஆனார்கள். பெயர்ப்பலகைதான் மாறியது, பதவி உயரவில்லை.

‘ஹைகோர்ட் வக்கீல்’ என்றதும் சென்னையில் வாதாடினார் என்று எழுதிவிடாதீர்கள். ஹைகோர்ட்டில் பதிந்துகொண்டு, ஆயுசு முழுக்க ஜில்லா கோர்ட்டிலேயே தொழில் நடத்தியவர்கள் ஏராளம். அது போக, பி.எல். படிக்காமல் பரீட்சை எழுதி வந்த முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு பிளீடர்கள் தனி வகை. இறந்தபின் எழுதுகிறவர்கள் இவர்களையும் ‘ஹைகோர்ட் வக்கீல்’ ஆக்கிவிடுவார்கள். பிரித்தறிய மதராஸ் யுனிவர்சிட்டி காலண்டரை (பல்கலைக்கழகத்தின் ஆண்டுக் கையேடு) பாருங்கள், பட்டம் பெற்றவர்கள் பெயர் அதில் வரும். பி.எல். பட்டியலில் ஆளைக் காணோம் என்றால் அநேகமாகப் பிளீடர்தான்.

சட்ட அறிக்கைகளையும் புரட்டலாம். இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் மதராஸ் வரிசை 1876 முதலும், மதராஸ் லா ஜர்னல் 1891 முதலும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் வருவது ஹைகோர்ட் தீர்ப்புகள், அங்கே வாதாடிய வக்கீல்களின் பெயர்கள். மப்ஸல் (சென்னைக்கு வெளியே, ஜில்லா ஊர்) வக்கீல் பெயர் இல்லை என்பதால் அவருக்குத் தொழில் இல்லை என்று ஆகாது.

ரிக்கார்டுரூம்:
மூன்றில் கஷ்டமானது சேர்மன் பகுதிதான். நகராட்சித் தீர்மானப் புத்தகங்கள் பல ஊர்களில் கரையானுக்குப் போய்விட்டன. இருக்கிறதா என்று ஆபீஸில் கேளுங்கள், ஆனால் அதையே நம்பி உட்காராதீர்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட். கவுன்சிலர் தேர்தலும் நியமனமும் அதில் அறிவிப்பாக வரும். அரசு வக்கீல், ஹானரரி மாஜிஸ்ட்ரேட் நியமனங்களும் அதில்தான். மற்றது ஜி.ஓ.க்கள், அதாவது அரசாணைகள். துறை, எண், தேதி மூன்றும் கையில் இருந்தால்தான் கட்டு வரும். எண் வருடத்துக்கு வருடம் ஒன்றிலிருந்து தொடங்கும், துறைக்குத் துறை தனி வரிசை. அதனால் அந்தந்த வருட இன்டெக்ஸில் ஊர்ப் பெயரைத் தேடி எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு கட்டுக்கு எழுதிக் கொடுங்கள். ஆட்பெயரில் தேடினால் பாதி நழுவிவிடும்.

‘சேர்மன்’ என்பதிலும் கண் வையுங்கள். தாலுகா போர்டு தலைவராக இருந்தவரையும் ஊரில் சேர்மன் என்றே சொல்லியிருப்பார்கள். அந்தப் போர்டுகள் 1934-ல் ஒழிந்தன.

லெவல்47:
லாட்ஜை விடாதீர்கள். சடங்குதான் ரகசியம், உறுப்பினர் பதிவு அல்ல. சொல்லப்போனால் உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கப்போவது இதுதான். இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜின் (லாட்ஜ்களுக்கு மேலான தலைமை அமைப்பு) உறுப்பினர் பதிவேடுகள் 1921 வரை ஸ்கேன் ஆகி, கட்டண வம்சாவளித் தளத்தில் இருக்கின்றன. இந்திய லாட்ஜ்களும் அதில் அடக்கம். பெயர், வயது, தொழில், ஊர், மூன்று படிகளிலும் சேர்ந்த தேதிகள் என்று ஒரே வரியில் வரும். பிறந்த வருடம் தெரியாதவர்களுக்கு அந்த வயது பெரிய உதவி.

பெயரில் தேடாதீர்கள். ஆங்கிலேய குமாஸ்தா அய்யரையும் முதலியாரையும் குடும்பப் பெயராக எழுதியிருப்பான், அல்லது தகப்பன் பெயரை. லாட்ஜ் பெயர், எண் இரண்டையும் பிடித்து, பக்கத்தைத் திறந்து வரிவரியாகப் படியுங்கள். அங்கே இல்லையென்றால் ஸ்காட்லாந்து அல்லது அயர்லாந்து கிராண்ட் லாட்ஜின் சாசனத்தில் (அனுமதிப் பத்திரம்) நடந்த லாட்ஜாக இருக்கலாம், அவற்றின் பதிவேடுகள் எடின்பரோவிலும் டப்ளினிலும் தனித்தனி. அடையாறு தியசாபிகல் வட்டத்து ஆள் என்றால், பெண்களையும் சேர்த்துக்கொண்ட கோ-மேசன்ரியா என்றும் பாருங்கள். அது இந்த எந்தப் பதிவேட்டிலும் வராது.

1961-ல் இந்திய கிராண்ட் லாட்ஜ் அமைந்தபோது சில லாட்ஜ்கள் அதில் சேர்ந்தன, சில பழைய சாசனத்திலேயே நின்றன. மினிட்ஸ் புத்தகம் கேட்கும் முன் உங்கள் லாட்ஜ் எந்தப் பக்கம் போனது என்று விசாரியுங்கள். செயலாளருக்குக் கடிதம் எழுதும்போது வருடங்களைக் குறிப்பிட்டுக் கேட்டால் பதில் வரும். ‘எல்லா விவரமும் வேண்டும்’ என்றால் வராது.

ஊர்மலர்:
நன்றி ஐயா. படத்தில் பதினொரு பேர் ஏப்ரன் கட்டி நிற்கிறார்கள். இவர் மாஸ்டரா இல்லையா என்று அதிலிருந்து சொல்ல முடியுமா?

லெவல்47:
முடியும். கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியாது, வடிவத்தைப் பாருங்கள். இங்கிலாந்து முறையில் சாதாரண ‘மாஸ்டர் மேசன்’ (மூன்று படியும் முடித்த உறுப்பினர், லாட்ஜ் மாஸ்டர் அல்ல) ஏப்ரனில் மூன்று துணிப் பூக்கள் இருக்கும். மாஸ்டராக இருப்பவருக்கும் இருந்து முடித்தவருக்கும் அந்த இடங்களில் கவிழ்த்த ‘டி’ எழுத்து போன்ற உலோகத் துண்டுகள். கழுத்துப் பட்டையில் வெறும் மூலைமட்டம் தொங்கினால் அந்த வருட மாஸ்டர். மூலைமட்டத்தின் நடுவே யூக்ளிடின் 47-ஆம் தேற்றம் (பிதாகரஸ் தேற்றப் படம்) பொறித்த சிறு தகடு இருந்தால் பாஸ்ட் மாஸ்டர், அதாவது உங்கள் குறிப்பில் உள்ள ‘பி.எம்.’ மாஸ்டர் பொறுப்பு வழக்கமாக ஒரு வருடம்தான். எனவே ‘பல்லாண்டு லாட்ஜை வழிநடத்தினார்’ என்று நீட்டாதீர்கள். படத்தை 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்யுங்கள், செல்போன் படத்தில் தகடு தெரியாது.

கோர்ட்டுக்கட்டு:
ராவ் பகதூர் விட்டுப்போச்சு. பட்டங்கள் புத்தாண்டு அன்றும் மன்னர் பிறந்தநாள் அன்றும் கெஜட் ஆஃப் இந்தியாவில் வரும். ஐந்தாம் ஜார்ஜ் காலமென்றால் ஜூன் 3. அப்போது வருடத்துக்கு இரண்டு இதழ் பார்த்தால் பெரும்பாலும் போதும். ராவ் சாகிப் முதலில், ராவ் பகதூர் அடுத்து, திவான் பகதூர் அதற்கும் மேல். குறிப்பு எழுதியவர் சாகிப்பைப் பகதூர் ஆக்கியிருக்கவும் கூடும், இரண்டு பட்டியலையும் பாருங்கள்.