பதின்ம வயதினருக்கான கேம் டிசைன் முகாம்: சமூக நீதி பற்றிய ஆட்டங்கள் ஏன் வினாடி வினாவாக முடிகின்றன?

கேள்வி

வணக்கம். கோடை விடுமுறையில் 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நான்கு வாரம் கேம் டிசைன் முகாம் நடத்துகிறோம். சமூக நீதிதான் மையம். சென்ற ஆண்டு பிள்ளைகள் ஆர்வத்தோடு வந்தார்கள், முதல் வாரம் பாகுபாடு, வறுமை, இடம்பெயர்வு என்று மணிக்கணக்கில் பேசினார்கள், சிலர் பேசியதைக் கேட்டு எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் கடைசி நாள் வந்து நின்ற ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. சரியான பதிலைத் தொட்டால் மதிப்பெண், கெட்டவனைச் சுட்டால் மதிப்பெண், முடிவில் திரையில் "அனைவரும் சமம்" என்று ஒரு வரி. அவர்கள் அவ்வளவு பேசியதில் ஒன்றுகூட ஆட்டத்துக்குள் இல்லை. பிள்ளைகள்மேல் குறை சொல்ல மாட்டேன், கற்றுக்கொடுத்த எங்களிடம்தான் தவறு. பேச்சிலிருந்து ஆட்டத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

கருத்தைப் படத்திலும் வசனத்திலும் வைத்திருக்கிறார்கள், விதியில் வைக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் முதலில் செய்வது இதுதான், நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

மொனாப்பொலி என்ற பலகை ஆட்டம் எப்படிப் பிறந்தது என்று முதல் நாளே சொல்லுங்கள். அதற்கு மூலமான ஆட்டத்துக்கு 1904இல் காப்புரிமை பெற்றவர் எலிசபெத் மேகி என்ற பெண், அதன் பெயர் 'தி லேண்ட்லார்ட்ஸ் கேம்'. நிலம் வைத்திருப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே வாடகையில் பெருத்துக்கொண்டே போக மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டியாகிறார்கள் என்று காட்டத்தான் அதைச் செய்தார். ஒரே பலகைக்கு இரண்டு வகை விதிகள் வைத்தார்: ஒன்றில் செல்வம் உண்டானால் எல்லாருக்கும் பங்கு, இன்னொன்றில் மற்றவர்களை நொடிக்க வைப்பவர் வெற்றியாளர். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவரிடமிருந்து காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. உலகம் முழுக்கப் பரவியது அந்த இரண்டாவது வகைதான். பலகை ஒன்று, விதி மாறினால் உலகமே மாறுகிறது என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

அப்புறம் பாம்பு ஏணிப் பலகையைக் கொடுத்து, ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றி ஆட்டத்தை அநியாயமாக்கச் சொல்லுங்கள். ஆட்டம் எதைப் பற்றியது என்று ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது, வாயால் விளக்கவும் கூடாது. அடுத்த குழு அதை ஆடிப் பார்த்து, இது எதைப் பற்றியது என்று சொல்ல வேண்டும். என் குழுவில் ஒருவன், பச்சைக் காய்க்கு மட்டும் ஏணியில் ஏற மற்ற மூவரின் அனுமதியும் வேண்டும் என்று வைத்தான். அரை மணி நேரத்தில் அந்த மேசையில் நடந்த சண்டை, ஒரு வாரம் பேசினாலும் வராது.

பதில் 2

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கை. ஏழையின் இடத்தில் ஆடுபவரை உட்கார வைத்தால் இரக்கம் தானாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். 2011இல் வந்த 'ஸ்பென்ட்' என்ற ஆட்டத்தில் கையில் 1000 டாலரோடு ஒரு மாதத்தைத் தள்ள வேண்டும். அதை வைத்து 2016இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்றில், ஆடியவர்களுக்கு ஏழைகள்மேல் பரிவு கூடவில்லை. சிலரிடம் அது குறையவே செய்தது. ஏனென்றால் ஆட்டம் என்றாலே தேர்வு செய்யும் அதிகாரம் நம் கையில் இருக்கிறது. நான் சமாளித்துவிட்டேனே, அவர்களால் ஏன் முடியாது என்று மனம் கணக்குப் போடுகிறது. அதனால் பிள்ளைகளிடம் நான் விடாமல் கேட்கும் கேள்வி இது: நிஜத்தில் அந்த மனிதருக்கு இத்தனை வழிகள் இருந்தனவா?

கெட்டவனைச் சுடும் ஆட்டத்துக்கு மாற்றாக, கெட்டவனே இல்லாத ஓர் ஆட்டத்தைக் காட்டுங்கள். நிக்கி கேஸும் வை ஹார்ட்டும் 2014இல் செய்த 'பேரபிள் ஆஃப் தி பாலிகன்ஸ்'. பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங்கின் மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. முக்கோணங்களும் சதுரங்களும் கலந்து வாழத்தான் விரும்புகின்றன, ஆனால் அக்கம்பக்கத்தில் தன் இனம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்தால் மட்டும் இடம் மாறும். அந்தச் சின்ன விருப்பம் போதும், கொஞ்ச நேரத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. யாரும் யாரையும் வெறுக்கவில்லை. 15 வயதுப் பிள்ளைக்கு இதைக் கையால் நகர்த்திப் பார்ப்பது பெரிய அதிர்ச்சி.

பதில் 3

கருவி பற்றி மட்டும். முதல் இரண்டு வாரம் காகிதம், பகடை, பொத்தான் போதும். கணினியைத் திறந்ததும் பாதிப் பேர் கதாபாத்திரத்தின் தலைமுடிக்கு நிறம் தேடப் போய்விடுவார்கள். பிறகு கதை சொல்ல ஆசைப்படுபவர்களுக்கு ட்வைன், நடமாட்டமும் மோதலும் வேண்டுமென்றால் ஸ்க்ராட்ச், இரண்டும் இலவசம். எல்லாரையும் ஒரே கருவியில் கட்டிப்போட வேண்டாம், பலகை ஆட்டமாகவே முடிக்க நினைப்பவரைக் கோடிங் பக்கம் இழுக்கவும் வேண்டாம்.

பதில் 4

யாரும் இதைச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். "உன் வாழ்க்கையில் நடந்த அநீதியை எடுத்துக்கொள்" என்று ஒருமுறை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஒரு பெண் தன் வீட்டு நிலைமையை அப்படியே ஆட்டமாக்கினாள், அருமையாக வந்தது. காட்சி நாளில் வந்தவர்கள் விவரம் தெரியாமல் ஆடி, தோற்றபோது சிரித்தார்கள். எந்த ஆட்டத்திலும் தோற்றால் சிரிப்பது இயல்பு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த நிலைமைக்கு அவளைத் தள்ளியது நான். இப்போதெல்லாம் சொந்தக் கதை கட்டாயமில்லை, யார் ஆடலாம் என்பதைச் செய்தவரே முடிவு செய்வார், வேண்டாம் என்றால் காட்சிக்கே வைப்பதில்லை. இதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் சொன்னால் பயன் இல்லை.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. சென்ற ஆண்டுப் பிள்ளைகளில் மூவரை அழைத்து, பாம்பு ஏணியை நேற்று ஆடிப் பார்த்தேன். ஒருத்தி விதிகளை ஒரு சீட்டில் எழுதித் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள், மற்ற இருவருக்கும் காட்டவில்லை. தப்பாக நகர்த்தினால் மட்டும் தண்டனை. பத்து நிமிடத்தில் ஒருவன் பகடையை வீசிவிட்டு, விதியைச் சொல்லாமல் எப்படி ஆடுவது என்று கத்தினான். மொழி தெரியாமல் புதுப் பள்ளியில் சேர்ந்தபோது தனக்கும் யாரும் சொல்லவில்லை என்றாள். சென்ற ஆண்டு அவள் செய்தது 20 கேள்விகள் கொண்ட வினாடி வினா.

காட்சி நாள் பற்றிச் சொன்னதை இன்று குழுவில் பேசினோம், இந்த ஆட்டத்தை யாருக்குக் காட்டுவது என்று அவளிடமே கேட்கப் போகிறேன்.